கேன்டீனில் கொதித்த கல்

ஒரு வெள்ளிக்கிழமை காலை, எங்கள் கம்பெனி கேன்டீனின் பின்கட்டில், பாத்திரம் கழுவும் இடத்தில், நான் ஒரு கல்லைக் கொதிக்க வைத்தேன். அடுத்த நாற்பது நிமிடத்துக்குள் இரண்டு பேர் மூச்சு விட முடியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். பன்னிரண்டரை மணிக்கு அதே கேன்டீனில் முந்நூறு பேர் மதியச் சாப்பாட்டுக்கு வர வேண்டியிருந்தது.

ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் தண்ணீர்ப் பிரிவில் இருந்தேன். ஆர்.ஓ. பிளான்ட், கழிவுநீரைச் சுத்தம் செய்யும் ஈ.டி.பி., அதற்கான சின்ன லேப், மூன்றும் என் பொறுப்பு. அத்தனை வருடமும் ஆசிட், காஸ்டிக், குளோரின் என்று புழங்கினேன். ஒருவருக்கும் ஒரு கொப்புளம் வந்ததில்லை. ரிடயர் ஆக இரண்டு வருடம் இருக்கும்போது, வரவேற்பறையில் வைத்த ஒரு மீன்தொட்டியால் இது நடந்தது. இன்றைக்கும் அதைச் சொல்லும்போது எனக்கே நம்பமுடியாமல்தான் இருக்கிறது. ஆனால் நடந்தது. வேலைக்குப் புதிதாக வந்திருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

1. "நீங்கதானே தண்ணி பாக்குறீங்க?"

அட்மின் மேனேஜர் தினகரன் ஒருநாள் என்னைக் கூப்பிட்டார். வரவேற்பறையில் இரண்டரை அடி நீளக் கண்ணாடித் தொட்டி ஒன்று காலியாக நின்றது. இரண்டு மாதத்தில் வெளிநாட்டிலிருந்து பெரிய கஸ்டமர் வருகிறார்கள், அவர்கள் உட்காரும் சோபாவுக்கு எதிரே கடல்நீர்த் தொட்டி, அதில் பவளப்பாறை மாதிரி ஒரு அமைப்பு வேண்டும் என்றார். எனக்கும் மீனுக்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்லிப் பார்த்தேன்.

"நீங்கதானே மேடம் தண்ணி பாக்குறீங்க? இதுவும் தண்ணிதானே" என்றார்.

போர் தண்ணீரைப் பிடித்து, கேன்டீனிலிருந்து கல்லுப்பு வாங்கிக் கரைத்தால் கடல்நீர் ஆகிவிடும் என்று அவர் உண்மையாகவே நினைத்திருந்தார். அதைக் கேட்டபோதே எனக்குத் திக்கென்றது. இவரிடம் விட்டால் ஒரே நாளில் எல்லாம் செத்துவிடும் என்று நானே எடுத்துக்கொண்டேன்.

படப்பையில் மீன் கடை வைத்திருந்தவரிடம் போனேன். தனக்கு நல்லதண்ணீர் மீன்தான் தெரியும் என்று அவர் நேர்மையாகச் சொல்லிவிட்டார். பம்ப், ஃபில்டர், தண்ணீரைக் குளிர வைக்கும் சில்லர், கடல்நீருக்கென்றே வரும் உப்பு, எல்லாம் வரவழைத்துக் கொடுத்தார். நிஜக் கடல்பாறையை விற்பதும் வாங்குவதும் வம்பு, பவளம் சட்டப்படி காப்பாற்றப்படுவது, அதைத் தொடாதீர்கள் என்றும் சொன்னார். அதனால் செயற்கையாக வார்த்த வெள்ளைக் கற்களைத்தான் வாங்கினேன்.

2. ஆறு வாரம் காலித் தொட்டி

என் ஆர்.ஓ. பிளான்ட் தண்ணீரில் உப்பைக் கரைத்து, கடலளவு உப்புக்குக் கொண்டுவந்து, கற்களை அடுக்கி, பம்பை ஓடவிட்டேன். பிறகு மீன் இல்லாத தொட்டியில் தினமும் அளந்து கொஞ்சம் அமோனியா விட்டேன். லாபியில் உட்காரும் பெண் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

விஷயம் சுலபமானது. மீன் கழிவிலிருந்து அமோனியா வரும். அது மீனுக்கு விஷம். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும். அதுவும் விஷம். இன்னொரு வகை பாக்டீரியா அதை நைட்ரேட் ஆக்கும். அது அவ்வளவு கெடுதல் இல்லை. இந்த இரண்டு கூட்டமும் கல்லிலும் மணலிலும் குடியேறிப் பெருகும்வரை மீன் விடக்கூடாது. மீன்காரர்கள் இதை 'சைக்கிளிங்' என்கிறார்கள். எங்கள் ஈ.டி.பி.யில் காற்று ஊதும் ஏரேஷன் டேங்கில் நான் இருபது வருடமாக வளர்த்ததும் இதே கூட்டம்தான். அது தெரிந்ததும் எனக்குத் தைரியம் வந்தது. அந்தத் தைரியம்தான் பின்னால் என்னைக் கவிழ்த்தது.

முதல் வாரம் அமோனியா அசையவில்லை. இரண்டாம் வாரக் கடைசியில் மெதுவாக இறங்கியது, நைட்ரைட் ஏறியது. தினகரன் இரண்டு நாளைக்கு ஒருமுறை வந்து தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறதே, மீன் விட என்ன தடை என்று கேட்பார். ஈ.டி.பி.யில் தண்ணீர் தெளிந்துவிட்டது என்பதற்காக டெஸ்ட் பண்ணாமல் வெளியே விடுவீர்களா சார் என்று கேட்டேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு போனார்.

நான்காம் வாரம் கல்லெல்லாம் பழுப்பாகப் பாசி படிந்தது. வரவேற்பறையைத் துடைக்கும் லில்லிதான் முதலில் பார்த்தாள். மண்ணூரிலிருந்து வருபவள், ஹவுஸ்கீப்பிங்கில் எட்டு வருட சர்வீஸ். "மேடம், உங்க கல்லு துரு புடிச்சிக்கினு கீது" என்று ஓடிவந்தாள். அது இந்தக் கட்டத்தில் வருவதுதான், தானே போய்விடும் என்று சொன்னேன். சொன்னபடி போனது. அன்றிலிருந்து தொட்டி விஷயத்தில் நான் எது சொன்னாலும் லில்லிக்கு வேதவாக்கு.

ஆறாவது வாரம், காலையில் விட்ட அமோனியா மறுநாள் காலை முற்றிலும் காணாமல் போயிருந்தது. நைட்ரைட்டும் பூஜ்யம். படப்பைக் கடைக்காரர் இரண்டு கிளவுன் மீன் கொண்டுவந்தார். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை. அவை கல்லைச் சுற்றி நீந்தியதைப் பார்க்க, உற்பத்தி லைனிலிருந்து கூட ஆட்கள் டீ டைமில் வந்து நின்றார்கள்.

3. திங்கட்கிழமை

அதற்கு அடுத்த திங்கட்கிழமை பஸ்ஸை விட்டு இறங்கி நேராகத் தொட்டிக்குப் போனேன். நடுவில் நான் வைக்காத ஒரு கல் இருந்தது. தேங்காயைவிடப் பெரிது. அதன் மேலே சட்டைப் பொத்தான் அளவில் பழுப்பு நிறப் பூக்கள் நெருக்கமாக விரிந்திருந்தன. பார்க்க அழகாகத்தான் இருந்தது. அதன் அடியில் இரண்டு மீன்களும் செத்துக் கிடந்தன.

கேட்டில் விசாரித்தேன். ஞாயிற்றுக்கிழமை தினகரனும் அவர் மச்சானும் வந்திருக்கிறார்கள். மச்சான் சென்னையில் வீட்டில் வைத்திருந்த பெரிய கடல்நீர்த் தொட்டியைக் கலைத்துவிட்டார். அதிலிருந்த கல்லை நியூஸ்பேப்பரில் சுற்றி எடுத்துவந்து இதில் போட்டுவிட்டார்கள். வழியிலேயே கல்லில் ஒட்டியிருந்த கடல் உயிர்களில் பாதி செத்து அழுகத் தொடங்கியிருந்தன. அமோனியா டெஸ்ட் எடுத்தேன். மஞ்சளாக இருக்க வேண்டிய குழாய் கரும்பச்சையாக மாறியது. ஆறு வாரம் வளர்த்த பாக்டீரியாக் கூட்டத்தால் ஒரே நாளில் வந்த அந்தச் சுமையைத் தாங்க முடியவில்லை.

 தினகரனின் அறைக்கே போய்க் கேட்டேன்.

"அடுத்த வாரம் விசிட் மேடம். வெறும் வெள்ளைக் கல்லா அசிங்கமா இருந்துச்சு. நல்லதுதானே பண்ணேன்" என்றார். அவருக்கு என் பதற்றம் கொஞ்சமும் புரியவில்லை.

கல்லை எடுத்து ஒரு பக்கெட் உப்புத் தண்ணீரில் போட்டு லேபில் வைத்தேன். தொட்டியில் பாதித் தண்ணீரை மாற்றினேன். கல்லைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்றதற்கு அவர் ஒத்துக்கொள்ளவில்லை. மச்சான் ஆசையாகக் கொடுத்தது, அதன் மேல் இருப்பதையெல்லாம் சுத்தம் செய்து வெறும் கல்லாகவாவது திரும்ப வையுங்கள் என்றார்.

அந்த இடத்தில் நான் முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மாறாக, எப்படிச் சுத்தம் செய்வது என்று யோசிக்கத் தொடங்கினேன்.

4. வெள்ளிக்கிழமை

கல்லைக் கொதிக்க வைத்தால் அதில் இருக்கும் எல்லாம் செத்துவிடும் என்று ஏதோ ஒரு வீடியோவில் பார்த்திருந்தேன். லேபில் எதையும் கிருமி நீக்க நாங்கள் செய்வதும் அதுதானே. அந்தப் பழுப்புப் பொத்தான்களின் பெயர் என்ன என்று நான் தேடவில்லை. லேபில் ஒரு புது கெமிக்கல் வந்தால் அதன் சேஃப்டி ஷீட்டைப் படிக்காமல் மூடியைத் திறக்க விடமாட்டேன். கல்லுக்கு ஷீட் இருக்கும் என்று தோன்றவே இல்லை.

கேன்டீன் மாஸ்டர் பெருமாள் அண்ணனிடம் ஒரு பழைய அண்டா கேட்டேன். வல்லக்கோட்டைக்காரர், யார் எது கேட்டாலும் முதலில் ஒரு கிண்டல் அடித்துவிட்டுத்தான் கொடுப்பார். "இன்னா மேடம், இன்னிக்கு கல்லுக் கொழம்பா?" என்றார். பாத்திரம் கழுவும் இடத்தில் இருந்த தனி அடுப்பைப் பற்ற வைத்தும் கொடுத்தார்.

லில்லி முதலில் கம்பி பிரஷ் வைத்துக் கல்லைத் தேய்த்தாள். பொத்தான்கள் கொழகொழவென்று உரிந்து வந்தன. அவள் கைக்கு நான் கிளவுஸ் கொடுத்திருந்தேன். தொட்டால் அரிக்கும் என்று மட்டும் கேள்விப்பட்டிருந்தேன். மூச்சைப் பற்றி யோசிக்கவில்லை. அண்டாவில் கல்லை வைத்து, தண்ணீர் ஊற்றி, மூடி போட்டோம். கொதி வரத் தொடங்கியதும், ஈ.டி.பி.யில் ரீடிங் எடுக்கும் நேரமாகிவிட்டதால், இதோ வந்துவிடுகிறேன் என்று போனேன். நான் அந்த ஆவியில் நின்றது மொத்தமே இரண்டு மூன்று நிமிடம்தான்.

திரும்பி வரும்போது பின்கட்டு வாசலிலேயே இருமல் சத்தம் கேட்டது. லில்லி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கண் சிவந்து நீர் வழிந்தது.

"வாயில பழைய காசை வச்சிக்கினா மாரி கீது மேடம். மூச்சு உள்ள போவ மாட்டேங்குது" என்றாள்.

பெருமாள் அண்ணன் அவளுக்கு எதிரே தரையில் இருந்தார். கொதி பார்க்க மூடியைத் திறந்திருக்கிறார். ஆவி முழுவதும் அவர் முகத்தில் அடித்திருக்கிறது. அந்த அடுப்புச் சூட்டில், புழுங்கித் தள்ளும் அந்த அறையில், அவர் குளிரில் நடுங்குவது போல நடுங்கிக்கொண்டிருந்தார். பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டன. நான் அப்படியே நின்றுவிட்டேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. ஐந்து விநாடியாக இருக்கலாம். பிறகு அடுப்பை அணைத்தேன். என் நாக்கிலும் அந்தக் காசுச் சுவை ஏறியிருப்பது அப்போதுதான் தெரிந்தது.

கேஸ் லீக் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். சேஃப்டி ஆபீசர் மோசஸ் டிடெக்டர் கொண்டுவந்து பார்த்தார். ஒன்றும் காட்டவில்லை. கம்பெனி ஆம்புலன்ஸில் மூன்று பேரும் ஏறினோம்.

5. சொல்வதா வேண்டாமா

ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போதே தினகரனின் கார் பின்னால் வந்து நின்றது. என்னைத் தனியாக அழைத்தார். அவர் முகமும் வெளுத்திருந்தது.

"மேடம், ஃபினாயில் ஸ்மெல்லுன்னு சொல்லுங்க. இல்லாட்டி காலைல சாப்பிட்டது ஒத்துக்கலைன்னு சொல்லுங்க. கல்லுன்னு வாயத் தொறந்தா எங்க மச்சான் வரைக்கும் கேஸ் போகும், கம்பெனி பேரும் போகும்."

எனக்கு அந்த நாளிலேயே பெரிய அதிர்ச்சி இதுதான். உள்ளே பெருமாள் அண்ணன் உதடு நீலம் பாய்ந்து கிடக்கிறார். இந்த மனிதர் என்ன சொல்ல வேண்டும் என்று பாடம் நடத்துகிறார். அதைவிடப் பெரிய அதிர்ச்சி, ஒரு நிமிடம் நானும் அதை யோசித்தேன் என்பது. கல்லைக் கொதிக்க வைத்தது அவர் இல்லை, நான். உண்மையைச் சொன்னால் முதலில் மாட்டுவது நான்தான்.

டியூட்டி டாக்டர் இளம்பெண். ஃபுட் பாய்ஸனா, கெமிக்கலா என்று கேட்டுக்கொண்டே எழுதிக்கொண்டிருந்தார். நான் சொல்லிவிட்டேன். கடல் கல், மேலே பழுப்புப் பொத்தான் மாதிரி உயிர்கள், தேய்த்தோம், கொதிக்க வைத்தோம், ஆவி பட்டது. அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். போட்டோ இருக்கிறதா என்று கேட்டார். தொட்டியின் நிலவரத்தைத் தினமும் போனில் படம் எடுத்து வைப்பது என் வழக்கம். திங்கட்கிழமைப் படத்தைக் காட்டினேன்.

அவர் அதைத் தன் சீனியருக்கு அனுப்பினார். போனில் எதையோ வேகமாகப் படித்தார். அப்புறம் நேரே பெருமாள் அண்ணனின் படுக்கைக்குப் போய், இருவருக்கும் ஆக்சிஜன், நெபுலைசர், இ.சி.ஜி. என்று நர்ஸிடம் அடுக்கினார். திரும்பி வந்து என்னிடம் சொன்னார்.

"அந்தப் பூவுக்குள்ள இருக்கிறது கடல்ல இருக்கிற ரொம்ப மோசமான விஷத்துல ஒண்ணு. கொதிக்க வச்சா சாகாது, ஆவியோட சேர்ந்து நுரையீரலுக்குப் போயிடும். இதுக்கு மாத்து மருந்து கிடையாது. நீங்க சொல்லலைன்னா நான் ஃபுட் பாய்ஸன்னு எழுதி, டிரிப்ஸ் போட்டு வார்டுக்கு அனுப்பியிருப்பேன்."

 கொதித்தால் எல்லாம் செத்துவிடும் என்று நினைத்து, செத்த பிறகும் கொல்லும் ஒன்றைச் சமையல்கட்டு அடுப்பில் ஏற்றியிருக்கிறேன்.

அப்போதுதான் மணி பார்த்தேன். பன்னிரண்டு அடிக்கப் பத்து நிமிடம். பாத்திரம் கழுவும் இடத்துக்கும் சமையல் நடக்கும் இடத்துக்கும் நடுவில் அரைச்சுவர்தான். அந்தப் பக்கம் சாதம் வடித்து, சாம்பார் இறக்கி, திறந்து வைத்திருப்பார்கள். இன்னும் நாற்பது நிமிடத்தில் ஜெனரல் ஷிஃப்ட் தட்டோடு வரிசையில் நிற்கும். மிச்சமிருந்த கேன்டீன் ஆட்கள் இப்போதே அங்கேதான் நிற்கிறார்கள்.

தினகரனிடம் கேன்டீனை மூடச் சொன்னேன். அப்படி மூடினால் எல்லா லைனுக்கும் விஷயம் பரவிவிடும், சாப்பாட்டுக்கு ஒன்றும் ஆகாது என்றார். நான் அவரிடம் மேலே பேசவில்லை. அவர் எதிரிலேயே மோசஸுக்குப் போன் போட்டேன். எல்லோரையும் வெளியே அனுப்பு, அண்டாவைத் தொடாதே, ஒருவரும் ஒரு வாய் சாப்பிடக் கூடாது, காரணத்தை எழுதித் தருகிறேன், என் பேரில் போட்டுக்கொள் என்றேன். மோசஸ் ஒரு கேள்வி கேட்கவில்லை. அன்றைக்கு முந்நூறு பேர் பன்னும் வாழைப்பழமும் சாப்பிட்டார்கள். சமைத்த அத்தனையும் குழியில் போனது. கேன்டீனில் இருந்த இன்னும் இரண்டு பேருக்குத் தொண்டை எரிச்சல் இருந்தது, வெளிக்காற்றில் சரியாகிவிட்டது.

6. அதன் பிறகு

எனக்கும் காய்ச்சல் வந்து, அன்று சாயங்காலமே விட்டது. லில்லி மூன்று நாள் வார்டில் இருந்தாள். பெருமாள் அண்ணன் இரண்டு நாள் ஐ.சி.யூ.வில் இருந்துவிட்டு, பிறகு ஒரு வாரம் வார்டில் இருந்தார். உயிருக்கு ஆபத்தில்லை என்று டாக்டர் சொன்ன அன்றைக்குத்தான் நான் சாப்பிட்டேன்.

லில்லியைப் பார்க்கப் போனபோது அவள் புருஷன் என்னிடம் முகம் கொடுக்கவில்லை. அது நியாயம்தான். மன்னிப்புக் கேட்டேன். லில்லி திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"நீங்க வைக்கச் சொன்னீங்க, வச்சேன். உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சிக்கினேன் மேடம்" என்றாள்.



கம்பெனியில் இரண்டு ரிப்போர்ட் போனது. தினகரன் எழுதியதில் 'கிளீனிங் பணியின்போது ஏற்பட்ட ஒவ்வாமை' என்று இருந்தது. நான் எழுதியதில், பெயர் தெரியாத ஒரு கடல் உயிரை நான் கொதிக்க வைத்தேன், அது என்ன என்று நான் விசாரிக்கவில்லை, அந்த இருவருக்கும் மாஸ்க் கொடுக்கவில்லை என்று இருந்தது. கல் எப்படி வந்தது என்பதையும் எழுதினேன். எனக்கு வார்னிங் லெட்டர் வந்தது. வாங்கிக்கொண்டேன். தினகரனை வேறு யூனிட்டுக்கு மாற்றினார்கள். வீட்டில் வைத்திருக்கவே சட்டம் அனுமதிக்காத கடல்பாறை என்பதால், கல்லை வனத்துறைக்காரர்கள் வந்து எடுத்துப்போனார்கள். கஸ்டமர் விசிட் தள்ளிப்போய், பிறகு சாதாரணமாக நடந்து முடிந்தது.

கேன்டீன் பின்கட்டை நானும் மோசஸும் முழு மாஸ்க் போட்டு, ஈ.டி.பி.யில் இருந்த ஹைப்போ குளோரைட்டால் கழுவினோம். அந்த விஷத்தை அழிப்பது குளோரின்தான், கொதிநீர் இல்லை என்று அதற்குள் படித்திருந்தேன். இதைக் கொதிக்க வைப்பதற்கு முன்னால் படிக்க எனக்குப் பத்து நிமிடம்தான் ஆகியிருக்கும்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். மறுவாரம் வரவேற்பறைத் தொட்டியைப் பார்க்கப் போனபோது, என் வெள்ளைக் கல்லின் பக்கவாட்டில் மூன்று பழுப்புப் பொத்தான்கள் விரிந்திருந்தன. மச்சான் கொடுத்த கல் ஒரே ஒரு நாள்தான் உள்ளே இருந்தது. அதற்குள் அதிலிருந்து உதிர்ந்து ஒட்டிக்கொண்டு, சாவகாசமாக வளர்ந்திருந்தன. அந்தக் கண்ணாடியைத்தான் லில்லிக்குப் பதிலாக வந்த வேறொரு ஹவுஸ்கீப்பிங் பெண் தினமும் துடைத்துக்கொண்டிருந்தாள்.

வரவேற்பறையை அடைத்துவிட்டு, தொட்டியில் ஹைப்போ ஊற்றினேன். கல்லும் மணலும் வெளுத்தன. மூன்று பொத்தான்களோடு, ஆறு வாரம் சொட்டுச் சொட்டாக அமோனியா கொடுத்து நான் வளர்த்த பாக்டீரியாக் கூட்டமும் செத்தது. மறுநாள் டெஸ்ட் எடுக்கவில்லை. எடுக்க ஒன்றும் இல்லை. தொட்டியைக் காலி செய்து ஸ்க்ராப் யார்டுக்கு அனுப்பினோம்.

பெருமாள் அண்ணன் ஒரு மாதம் கழித்து வந்தார். மிளகாய் வறுத்தாலே நெஞ்சு அடைக்கிறது என்றதால் ஸ்டோருக்கு மாற்றிக் கொடுத்தார்கள். இருபது வருடம் அடுப்படியில் நின்ற மனிதர். என்னைப் பார்த்தால் இன்றும் சிரிப்பார், ஆனால் கிண்டல் அடிப்பதில்லை.

கடல்நீர்த் தொட்டி வைக்க நினைப்பவர்களுக்கு இதுதான் நான் சொல்வது. ஆறு வாரம் பொறுப்பது பெரிதில்லை. அமோனியாவும் நைட்ரைட்டும் எண்ணாகத் தெரியும், காத்திருந்தால் இறங்கும். வேறு ஒருவர் தொட்டியிலிருந்து வரும் கல்லில் என்ன இருக்கிறது என்று அடையாளம் தெரியாமல் அதைத் தேய்க்காதீர்கள், சுடாதீர்கள், கொதிக்க வைக்காதீர்கள்.

மீன் வளர்க்காதவர்களுக்கும் ஒன்று உண்டு. நீங்கள் சீனியர் ஆகும்போது, உங்களுக்குத் தெரியும் என்று நம்பி நாலு பேர் ஒரு வேலையில் கைவைப்பார்கள். அவர்கள் கேள்வி கேட்க மாட்டார்கள். அதனால் அந்தக் கேள்வியை நீங்களே உங்களிடம் கேட்க வேண்டும். என் கடைசி இரண்டு வருடம், தெரியாத எதைப் பற்றி யார் கேட்டாலும், 'தெரியாது, பார்த்துச் சொல்கிறேன்' என்றேன். இருபது வருடம் முன்னாலேயே அந்த வார்த்தையைப் பழகியிருந்தால், பெருமாள் அண்ணன் இன்றைக்கும் அடுப்படியில் நின்றிருப்பார்.